மாட்டுத்தாவணி பூ விலை: டெலிகிராம் சேனலில் போடுவது தானாகப் பிளாகில் ஏற வழி உண்டா?

மல்லித்தோட்டம் | திங்கள், இரவு 9:10

வணக்கம். உசிலம்பட்டிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மல்லித் தோட்டம் இருக்கிறது. தாய்மாமா மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்குப் பார்க்கிறார். வெள்ளன அவர் போனில் சொல்லும் விலையை நான் டைப் அடித்து டெலிகிராம் சேனலில் போடுவேன். முதலில் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டும்தான் இருந்தார்கள். இப்போது நிலக்கோட்டை, திருமங்கலம் பக்கமிருந்தும் ஆள் சேர்ந்துவிட்டது.

சிக்கல் என்னவென்றால், பழைய விலை கேட்பவர்கள் அதிகம். "போன தையில் பிச்சி என்ன போச்சு?" என்று கேட்டால் நான்தான் சேனலை மேலே தள்ளித் தள்ளித் தேட வேண்டும். கூகுளில் தேடினாலும் வராது. அதனால் பிளாகரில் ஒரு வலைப்பதிவு தொடங்கி, தினமும் சேனலில் போட்டதை அதிலும் காப்பி அடித்து ஒட்டினேன். மூன்று வாரம் ஓடியது. அப்புறம் பறிப்பு நேரம் வந்தது, விட்டுவிட்டேன்.

சேனலில் போட்டவுடன் அதுவே பிளாகில் ஏறிவிட வேண்டும். எனக்கு எக்செல் வரைக்கும் தெரியும், புரோகிராம் தெரியாது. இன்று காலை போட்ட மெசேஜ் இது:

"இன்னைக்கு மல்லி 900. பிச்சி 500, முல்லை அதே. சம்பங்கி நேத்தை விட 20 கம்மி. கனகாம்பரம் வரத்து இல்லை."

பைபாஸ் ரோடு | திங்கள், இரவு 9:48

முடியும், காசும் ஆகாது.

டெலிகிராமில் பாட்ஃபாதர் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதனிடம் புது பாட் (தானாக வேலை செய்யும் கணக்கு) கேளுங்கள், டோக்கன் ஒன்று கொடுக்கும். அந்த பாட்டை உங்கள் சேனலில் அட்மினாகச் சேருங்கள். சேர்த்ததற்கு அப்புறம் வரும் பதிவுகள் மட்டும்தான் அதற்குத் தெரியும், பழசைப் படிக்காது. டெலிகிராம் சர்வர் பதிவுகளை பாட்டுக்காக அதிகபட்சம் 24 மணி நேரம்தான் எடுத்து வைத்திருக்கும். அதற்குள் உங்கள் ஸ்கிரிப்ட், அதாவது தானாக ஓடும் சின்ன புரோகிராம், வந்து வாங்கிக்கொள்ளாவிட்டால் போனது போனதுதான்.

ஸ்கிரிப்ட் ஓடுவதற்குக் கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடச் சொல்லி டிரிக்கர் வைக்கலாம்.

பிளாகரில் ஏற்ற மிகச் சுலபமான வழி மின்னஞ்சல். செட்டிங்ஸில் ஒரு ரகசிய முகவரி வைத்துக்கொள்ளலாம். அதற்கு மெயில் அனுப்பினால் மெயிலின் தலைப்பு பதிவின் தலைப்பாகும், உள்ளே எழுதியது பதிவாகும். உடனே வெளியிடுவதா, டிராஃப்டாக வைப்பதா என்பதையும் அங்கேயே தேர்ந்தெடுக்கலாம். டிராஃப்டையே வையுங்கள்.

பழைய மெசேஜ்களுக்கு வேறு வழி: கம்ப்யூட்டரில் டெலிகிராம் டெஸ்க்டாப் போட்டு, சேனல் வரலாறு முழுவதையும் ஜேசான் கோப்பாக, அதாவது புரோகிராம் படிக்கும் வடிவத்தில், எக்ஸ்போர்ட் செய்யலாம்.

மல்லித்தோட்டம் | திங்கள், இரவு 10:35

பாட் உருவாக்கிவிட்டேன் அண்ணே! டோக்கன் இதுதான்: [நீக்கப்பட்டது]

பைபாஸ் ரோடு | திங்கள், இரவு 10:37

தம்பி, அது வீட்டுச் சாவி. இந்தப் பதிவை அழித்தால் மட்டும் போதாது. பாட்ஃபாதரிடம் போய் ரிவோக் கொடுத்துப் பழையதை ரத்து செய்து, புது டோக்கன் வாங்குங்கள். இப்போதே.

மல்லித்தோட்டம் | திங்கள், இரவு 10:44

மாற்றிவிட்டேன். மன்னிக்கவும். நாளைக்குக் காலையிலிருந்து ஓட்டிப் பார்க்கிறேன்.

கோரிப்பாளையம் | செவ்வாய், காலை 6:20

எனக்குக் கம்ப்யூட்டர் வித்தை தெரியாது. பல வருடம் ஒரு நாளிதழில் மெய்ப்புப் பார்த்தவன். அதனால் நீங்கள் காட்டிய மெசேஜில் என் கண் போய் நின்றது.

"முல்லை அதே." எதைப் போல அதே? நேற்றைய விலை போல. நேற்று என்ன விலை? நேற்றைய மெசேஜைப் பார்த்தால் அதிலும் "அதே" என்று இருக்கலாம். "சம்பங்கி நேத்தை விட 20 கம்மி." சேனலில் இருப்பவர் நேற்றையதையும் பார்த்தவர், அவருக்குப் போதும். ஆறு மாதம் கழித்துக் கூகுள் வழியாக வந்து விழும் ஒருவருக்கு இந்த வரியில் ஒரு விலைகூட இல்லை.

எங்கள் காலத்தில் ஊர் நிருபர்கள் போனில்தான் செய்தி சொல்வார்கள். "நேத்து ராத்திரி நம்ம பஸ் ஸ்டாண்டு பக்கத்துல" என்பார்கள். அதை எழுதி எடுப்பவர் நாளும் ஊரும் போட்டு மாற்றாமல் அச்சுக்கு அனுப்ப மாட்டார். செய்தியின் தொடக்கத்தில் "மதுரை, ஜன. 14" என்று ஊரும் தேதியும் நிற்பது அலங்காரத்துக்கு இல்லை. நாளை படிப்பவனுக்கும் "இன்று" என்றால் எந்த நாள் என்று தெரிய வேண்டும். உங்கள் இயந்திரம் செய்தியைத் தூக்கிக்கொண்டு போகும், சரி. எழுதி எடுப்பவரின் வேலையை யார் பார்ப்பது?

பைபாஸ் ரோடு | செவ்வாய், காலை 8:05

ஐயா சொல்வது நியாயம். தேதியை ஸ்கிரிப்ட் போட்டுவிடும். "அதே"வுக்கு ஸ்கிரிப்ட் ஒன்றும் செய்ய முடியாது.

யானைமலையான் | செவ்வாய், மதியம் 1:15

இந்த வேலையில் நான் ஒரு வருடம் அடிபட்டவன், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாங்கள் சில பேர் ஞாயிறுதோறும் மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்குப் போவோம். சமணர் படுக்கைகள், தமிழ் பிராமிக் கல்வெட்டுகள், குடைவரைகள். கீழக்குயில்குடி, அரிட்டாபட்டி, மாங்குளம், கீழவளவு, வரிச்சியூர், கொங்கர்புளியங்குளம் என்று சுற்றி வந்து படமும் குறிப்பும் டெலிகிராம் சேனலில் போடுவோம். அதை ஒரு வேர்ட்பிரஸ் தளத்தில் தானாக ஏற்ற ஸ்கிரிப்ட் எழுதினேன்.

முதல் நாளே மானம் போனது. கீழவளவு போய்விட்டு எட்டுப் படம் ஒரே ஆல்பமாகப் போட்டோம். தளத்தில் எட்டுப் பதிவு ஏறியது. ஒன்றில் படமும் குறிப்பும், மற்ற ஏழில் வெறும் பாறை. நம் கண்ணுக்கு ஆல்பம் ஒன்றாகத் தெரிந்தாலும் பாட்டுக்கு எட்டுத் தனித்தனி மெசேஜாகத்தான் போகும். எல்லாவற்றிலும் ஒரே மீடியா குரூப் எண் இருக்கும், குறிப்பு பெரும்பாலும் முதல் படத்தோடு மட்டும் வரும். அந்த எண்ணை வைத்து நாம்தான் சேர்க்க வேண்டும். இன்னொன்று, படத்துக்குக் கீழே எழுதும் குறிப்புக்கு 1024 எழுத்துதான் இடம். தனி மெசேஜுக்கு 4096. நீளமாக எழுதும் என்னைப் போன்றவர்கள் குறிப்பைப் பாதியில் வெட்டி அடுத்த மெசேஜில் "தொடர்ச்சி" என்று போடுவோம். அது தளத்தில் "தொடர்ச்சி" என்ற தலைப்பில் தனிப் பதிவாக நிற்கும்.

அடுத்தது தடித்த எழுத்து. மாங்குளம் கல்வெட்டில் நெடுஞ்செழியன் பெயர் வருகிறது அல்லவா, அந்தப் பெயரைப் பிராமி எழுத்திலேயே டைப் செய்து, பக்கத்தில் தமிழில் தடித்த எழுத்தில் போட்டேன். தளத்தில் பார்த்தால் "செழியன்" பாதியில் தடித்து, அடுத்த சொல்லின் வாலில் முடிகிறது. பிராமி இல்லாத பதிவுகளில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. காரணம் கண்டுபிடிக்க இரண்டு ராத்திரி ஆனது. பைபாஸ் ரோடு விளக்கினால் நன்றாக இருக்கும், எனக்கே பாதிதான் புரிந்தது.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாதது ஒன்று உண்டு. அரிட்டாபட்டியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது 2022இல். நான் அவசரத்தில் 2020 என்று போட்டுவிட்டேன். ஒருவர் சுட்டிக்காட்டினார், பத்து நிமிடத்தில் சேனலில் திருத்தினேன். சேனலில் திருந்தியது. தளத்தில் திருந்தவில்லை, ஏனென்றால் என் ஸ்கிரிப்ட் புது மெசேஜை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது. சில மாதம் கழித்து ஒரு பள்ளிக் கண்காட்சிக்குப் போனால் பிள்ளைகள் அட்டையில் அழகாக 2020 என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். என் தளத்தின் பெயரைச் சொன்னார்கள்.

பைபாஸ் ரோடு | செவ்வாய், இரவு 8:30

தடித்த எழுத்து விஷயம்: ஒரு மெசேஜில் எங்கே தடித்த எழுத்து தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பதை டெலிகிராம் யூடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியீட்டு முறையின் அலகில் எண்ணிச் சொல்லும். தமிழ்க் குறிகள் எல்லாம் ஒரு அலகு. பிராமி எழுத்தும் பெரும்பாலான இமோஜியும் இரண்டு. பைத்தான் என்ற புரோகிராம் மொழி இரண்டையும் ஒன்றென்றே எண்ணும். அதனால் ஒவ்வொரு பிராமி எழுத்துக்கும் ஒரு இடம் நகர்ந்துவிடும். மெசேஜை யூடிஎஃப்-16 பைட்டுகளாக மாற்றி, அங்கேயே வெட்டி, திரும்ப எழுத்தாக்கினால் சரியாகும். பூ விலைக்காரர் பூ இமோஜி போட்டாலும் இந்தச் சிக்கல் வராது, ஆப்ஸ் ஸ்கிரிப்ட் யூடிஎஃப்-16 அலகிலேயே எண்ணும்.

திருத்தம் விஷயம்: பாட்டுக்குச் சேனல் பதிவு, திருத்திய சேனல் பதிவு என்று இரண்டு வகை அப்டேட் வரும். இரண்டாவதையும் பிடிக்க வேண்டும். பிடித்தால் மட்டும் போதாது, எந்த மெசேஜ் எந்தப் பதிவானது என்று இரண்டு எண்ணையும் ஒரு ஷீட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும். இந்த ஜோடிப் பட்டியல் இல்லாத ஸ்கிரிப்ட் ஒருவழிப் பாதை.

அழித்தால் என்ன ஆகும் என்று அடுத்த கேள்வி வரும். சேனலில் ஒரு பதிவை அழித்தால் பாட்டுக்குத் தகவலே வராது. அதனால் அழிக்காதீர்கள், திருத்தி "ரத்து" என்று எழுதுங்கள்.

இதிலிருந்து இன்னொன்றும் வருகிறது. நான் சொன்ன மெயில் வழி புதுப் பதிவு போட மட்டும்தான் உதவும், பழைய பதிவைத் திருத்தாது. திருத்தம் வேண்டுமென்றால் பிளாகர் ஏபிஐக்குத்தான், அதாவது ஸ்கிரிப்ட் நேராகப் பிளாகரோடு பேசும் வழிக்குத்தான், போக வேண்டும். நேற்று நான் சொன்னதை நானே வாபஸ் வாங்குகிறேன்.

சுங்குடிக்காரி | செவ்வாய், இரவு 9:02

பாட்டைச் சேனலில் சேர்க்கச் சொன்னதும் முதலில் ஏதோ கச்சேரி என்று நினைத்துவிட்டேன்.

அண்ணா, உங்களுக்கெல்லாம் டெலிகிராம். என் வாடிக்கையாளர் ஒருத்தர்கூட அங்கே இல்லை. சுங்குடிச் சேலை புதுசாக வந்தால் வாட்ஸ்ஆப் குரூப்பில் படம் போடுவேன். முடிச்சுப் போட்ட சேலையா, அச்சா, என்ன விலை, எத்தனை கலர் எல்லாம் அதில் இருக்கும். அதையே தளத்தில் தானாக ஏற்றலாமா?

பைபாஸ் ரோடு | செவ்வாய், இரவு 9:25

வாட்ஸ்ஆப் குரூப்பை ஒரு ஸ்கிரிப்ட் உட்கார்ந்து படிக்க அதிகாரப்பூர்வமான, எளிய வழி கிடையாது. 2023இல் வந்த வாட்ஸ்ஆப் சேனலுக்கும் டெலிகிராம் பாட் போல ஒன்று இல்லை. வாட்ஸ்ஆப் வெப்பை ஏமாற்றி ஓடும் இலவச லைப்ரரிகள் இருக்கின்றன. அவை விதிமுறைக்கு விரோதம், எண் முடங்கலாம். கடை எண்ணை வைத்து அந்த விளையாட்டு வேண்டாம்.

நீங்கள் தலைகீழாகச் செய்யுங்கள் அக்கா. முதலில் தளத்தில் போடுங்கள், அந்த இணைப்பைக் குரூப்பில் பகிருங்கள். அல்லது உங்களுக்கு மட்டும் ஒரு டெலிகிராம் சேனல் வைத்து அதில் போடுங்கள். அதில் வாடிக்கையாளர் யாரும் இருக்க வேண்டியதில்லை, தளத்துக்கு அது ஒரு வாசல் மட்டும்.

சுங்குடிக்காரி | செவ்வாய், இரவு 9:51

குரூப்பை அப்படியே எக்ஸ்போர்ட் செய்து டெக்ஸ்ட் கோப்பாக எடுத்து ஏற்றலாமே என்று என் தம்பி சொன்னான். எடுத்தும் பார்த்தான். கோப்பைத் திறந்தால் எல்லாருடைய போன் நம்பரும் வரிசையாக நிற்கிறது. ஒரு அம்மா மகள் நிச்சயதார்த்தத்துக்குச் சேலை எடுத்த கதை, இன்னொருத்தர் தவணை பாக்கி, சேலை கட்டி அனுப்பிய படங்கள். என்னை நம்பி என் குரூப்பில் போட்டார்கள். ஊருக்கே காட்டுவதற்குப் போடவில்லை. கோப்பை அழிக்கச் சொல்லிவிட்டேன். தனி வாசல் யோசனை நன்றாக இருக்கிறது, நான் போட்டது மட்டும்தான் அதில் இருக்கும்.

மல்லித்தோட்டம் | புதன், காலை 11:40

எல்லாருக்கும் நன்றி. ஒரு கேள்வி. மாமா டைப் அடிக்க மாட்டார், வாய்ஸ் மெசேஜ்தான் அனுப்புவார். அதை எழுத்தாக்கும் வசதி இப்போது இருக்கிறதே, அவர் பேசுவது நேராகச் சேனலுக்கும் பிளாகுக்கும் போனால் எனக்கு வேலையே இல்லை. நேற்று ஒரு ஆப்பில் முயன்றேன். மூட்டை இறக்கும் சத்தம், ஏலம் கூவும் சத்தம், நடுவில் மாமா குரல். எழுநூறு என்று அவர் சொன்னது எண்ணூறு என்று வந்தது.

கோரிப்பாளையம் | புதன், பகல் 12:30

எழுநூறும் எண்ணூறும் மனிதக் காதுக்கே தடுமாறும். கிலோவுக்கு 100 ரூபாய் வித்தியாசம் என்றால் பறிப்புக் கூலி கொடுத்துப் பூவை எடுப்பதா, செடியில் விடுவதா என்று யோசிப்பவனுக்கு அது சின்ன வித்தியாசம் இல்லை. போனில் எங்கள் நிருபர்களிடம் "ஏழு நூறா, எட்டு நூறா, பிரித்துச் சொல்லு" என்று கேட்டே எழுதுவோம். மாமாவுக்கும் உங்களுக்கும் நடுவில் அந்த ஒரு கேள்வி இருக்கட்டும்.

விளாங்குடி வாசி | புதன், மாலை 5:10

இவ்வளவு கஷ்டம் எதற்கு? மெசேஜை ஒரு ஏஐயிடம் கொடுத்து "இதை நல்ல கட்டுரையாக எழுது" என்றால் தினமும் 300 சொல்லில் பதிவு தயார். நான் ஒரு தளத்துக்கு அப்படித்தான் செய்கிறேன்.

மல்லித்தோட்டம் | புதன், இரவு 9:30

முயன்று பார்த்தேன் அண்ணே. தமிழ் நன்றாகத்தான் வந்தது. ஆனால் நான்கு நாள் மெசேஜ் கொடுத்தால் நான்கிலும் மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்த கதை முதல் பத்தியில் வருகிறது. அது உண்மைதான், விலை பார்க்க வருபவருக்கு எதற்கு? அதைவிட, "முகூர்த்த நாள் தேவையால் விலை உயர்ந்தது" என்று ஒரு நாள் எழுதியிருந்தது. அன்று முகூர்த்தமே இல்லை. முந்தின நாள் மழையில் மொட்டு கெட்டு வரத்து குறைந்தது, அதனால் ஏறியது. நான் மெசேஜில் காரணம் எழுதவில்லை, அதுவாக ஒன்றை வைத்துவிட்டது. எங்கள் ஆட்கள் அதைப் படித்துவிட்டு "முகூர்த்தம் போனால் இறங்கிவிடும்" என்று கணக்குப் போடுவார்கள்.

கோரிப்பாளையம் | புதன், இரவு 9:44

விலை ஐந்து வரி என்றால் பதிவும் ஐந்து வரியாக இருக்கட்டும். ஆனால் வருடத்துக்கு 365 ஐந்து வரிப் பதிவு யாருக்கும் உதவாது. பஞ்சாங்கம் எப்படி இருக்கிறது பாருங்கள். நாளுக்கு ஒரு வரி, மாதத்துக்கு ஒரு பக்கம். "போன தையில் பிச்சி என்ன போச்சு" என்று கேட்பவருக்குத் தை மாதப் பக்கம் ஒன்று போதுமே.

பைபாஸ் ரோடு | புதன், இரவு 10:02

இதைத்தான் நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். மெசேஜ் நேரே பதிவாக வேண்டாம். மெசேஜ் ஷீட்டில் ஒரு வரிசையாகட்டும். அந்த ஷீட்டிலிருந்து மாதத்துக்கு ஒரு பக்கம், அட்டவணையாக, ஒவ்வொரு முறையும் முழுதாகத் திரும்ப எழுதப்படட்டும். திருத்தம் வந்தால் வரிசை மாறும், பக்கமும் தானாக மாறும். ஜோடிப் பட்டியலும் மாதத்துக்கு ஒரு வரியாகச் சுருங்கிவிடும்.

இரண்டு எச்சரிக்கை. பிளாகரில் தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் அதன் இணைய முகவரி "பிளாக்-போஸ்ட்" என்று ஆகி, பின்னால் ஒரு எண் ஒட்டிக்கொள்ளும், தமிழில் எழுதும் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். மாதப் பக்கங்களை நீங்களே முதலில் கையால் உருவாக்கி, முகவரியை ரோமன் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ஸ்கிரிப்ட் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றட்டும். அடுத்து, கூகுள் அனுமதியைச் "சோதனை" நிலையிலேயே விட்டால், ஸ்கிரிப்டின் நுழைவுச் சாவியான ரெஃப்ரெஷ் டோக்கன் 7 நாளில் காலாவதியாகும். எட்டாவது நாள் எதுவும் ஏறவில்லை என்று இங்கே வந்து புலம்பாதீர்கள்.

யானைமலையான் | வியாழன், காலை 7:15

முகவரி என்றதும் ஞாபகம் வந்தது. வேர்ட்பிரஸ் தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியாக்கும், ஆனால் 200 இடம்தான் கொடுக்கும். ஒரு தமிழ்க் குறி முகவரிக்காகச் சதவீதக் குறி (%) சேர்ந்த குறியீடாக மாறும்போது 9 இடம் எடுக்கும். ஆக 22 குறிக்கு மேல் வெட்டிவிடும். மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் காலும் தனித்தனிக் குறி. "கீழக்குயில்குடி சமணர் மலையில் ஒரு காலை" என்று தலைப்பு வைத்தேன். மலையின் ஐகாரத்துக்கு முன்னால் வெட்டிவிட்டது. முகவரியில் என்ன மிஞ்சியது என்று நீங்களே எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள். அந்த இணைப்பை நான் ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கு அனுப்பியிருந்தேன்.

வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்களுக்கு மற்றபடி சுகம்தான். ஏபிஐ 4.7 பதிப்பிலிருந்தே உள்ளேயே இருக்கிறது, 5.6இலிருந்து ஸ்கிரிப்டுக்கென்று தனிக் கடவுச்சொல் கொடுக்கலாம். நான் இப்போது எல்லாவற்றையும் டிராஃப்டாக மட்டும் ஏற்றுகிறேன். ஞாயிறு ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து, ஏழெட்டு டிராஃப்டைச் சேர்த்து ஒரு பதிவாக்குவேன். முன்னால் முழுக்கத் தானாக ஓடியபோது தளத்தில் நானூறு பதிவு இருந்தது, நானே படிக்கவில்லை.

மல்லித்தோட்டம் | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4:20

ஓடுகிறது! பைபாஸ் ரோடு அண்ணே ஸ்கிரிப்டை எழுதிக் கொடுத்தார், நான் ஷீட்டைப் பார்த்துக்கொண்டேன். நடந்ததைச் சொல்கிறேன், இதே வேலைக்கு இறங்குபவர்களுக்கு உதவும்.

முதலில் நான் மெசேஜ் எழுதும் விதத்தை மாற்றினேன். "விலை" என்று தொடங்கும் மெசேஜை மட்டும்தான் ஸ்கிரிப்ட் எடுக்கும். அதற்குக் கீழே ஒரு வரிக்கு ஒரு பூ, பெயர், எண். "அதே" கிடையாது, அதே விலை என்றாலும் எண்ணையே எழுதுவேன். வரத்து இல்லையென்றால் "இல்லை". மழை, முகூர்த்தம், திருவிழா என்று மாமா காரணம் சொன்னால் கடைசியில் "குறிப்பு" என்று ஒரு வரி. சொல்லாவிட்டால் அந்த வரியே இருக்காது. சேனல் ஆட்களும் இதுதான் படிக்க வசதி என்கிறார்கள்.

முதல் நாள் கூத்து: அந்த "விலை" விதி வைப்பதற்கு முன்னால் ஒரு சோதனை மெசேஜ் போட்டேன். "டெஸ்ட் 1 2 3, மாமா சாப்டாச்சா". அதுவும் அட்டவணையில் ஏறிவிட்டது. மாமா என்ற பூ, கிலோ 123 ரூபாய்.

இரண்டாவது, நேரம். மாமா சில நாள் ஐந்து மணிக்கு முன்பே முதல் விலை சொல்லிவிடுவார். டெலிகிராம் அனுப்பும் நேரம் உலக நேரக் கணக்கில் இருக்கும், நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். ஸ்கிரிப்ட் அதை மாற்றாமல் எடுத்ததால் காலை 4:50க்குப் போட்டது முந்தின தேதியிலும், 7 மணிக்குப் போட்டது சரியான தேதியிலும் விழுந்தது. ஒரே காலை விலை இரண்டு நாளாகப் பிரிந்து கிடந்தது. விடியும் முன் வியாபாரம் செய்யும் ஊருக்கு இந்தப் பிசகு வராமல் இருக்காது.

மூன்றாவதுதான் விசித்திரம். மல்லி, பிச்சி, அரளி, செவ்வந்தி எல்லாம் ஏறுகிறது. கோழிக்கொண்டை மட்டும் ஒரு வாரமாக ஏறவே இல்லை. என் மெசேஜில் கோழிக்கொண்டை, ஷீட்டில் கோழிக்கொண்டை, கண்ணுக்கு இம்மி வித்தியாசம் இல்லை.

பைபாஸ் ரோடு | ஞாயிறு, மாலை 4:41

அதை நான் சொல்கிறேன், கண்டுபிடித்த பெருமை எனக்கு வேண்டும். "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், முன்னால் ஒற்றைக் கொம்பு பின்னால் கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். "கோ"வும் அப்படித்தான். தம்பி போனில் அடித்தது ஒரு விதம், பழைய எக்செல் பட்டியலிலிருந்து ஷீட்டுக்கு ஒட்டியது இன்னொரு விதம். பார்வைக்கு ஒன்று, ஸ்கிரிப்டுக்கு வேறு வேறு சொல். கோழிக்கொண்டையில் இரண்டுமே இருக்கிறது. இரண்டு பக்கத்தையும், பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும், ஒரு வரி வேலை. தமிழில் எதையாவது ஒப்பிடும் ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் இந்த ஒரு வரியை முதலிலேயே போட்டுவிடுங்கள்.

சுங்குடிக்காரி | ஞாயிறு, மாலை 6:10

என் தனிச் சேனலும் ஓட ஆரம்பித்துவிட்டது. சேலைக்கு ஒரு ஆல்பம், மீடியா குரூப் எண் வைத்து ஒரே பதிவாக வருகிறது. விற்றுப்போனால் குறிப்பைத் திருத்தி "விற்றாச்சு" என்று எழுதுகிறேன், தளத்திலும் மாறிவிடுகிறது. முன்பெல்லாம் விற்ற சேலைக்கே பத்துப் பேர் போன் பண்ணுவார்கள். பூ விலைத் தம்பி, உங்கள் மாமா பக்கத்தைப் பார்த்தாரா?

மல்லித்தோட்டம் | ஞாயிறு, மாலை 6:32

பார்த்தார் அக்கா. போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து மேலிருந்து கீழே ஒரு தடவை இறங்கினார். "புதன்கிழமை சம்பங்கி நான் சொன்னது இது இல்லையே" என்றார். நான் அன்றைய வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினேன். அவர் சொன்னது அதேதான். "அப்போ சரி" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பழைய மெசேஜ்களை ஜேசானிலிருந்து ஏற்றும் வேலை இன்னும் இருக்கிறது. "அதே", "20 கம்மி" எல்லாம் கையால்தான் எண்ணாக்க வேண்டும். ராத்திரிக்கு ஒரு வாரம் என்று போகிறது, இப்போது மார்கழியில் நிற்கிறேன்.

கோரிப்பாளையம் | ஞாயிறு, இரவு 8:55

பக்கத்தை முழுவதும் வாசித்தேன். நன்றாக இருக்கிறது. பழக்கதோஷம், ஒன்று கண்ணில் பட்டது. வெள்ளிக்கிழமை முல்லை 6500 என்று இருக்கிறது. அதற்கு முதல் நாள் 620, அடுத்த நாள் 640.

மல்லித்தோட்டம் | ஞாயிறு, இரவு 9:03

650தான் ஐயா, ஒரு சுழியம் கூடிவிட்டது. சேனலில் திருத்திவிட்டேன். ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள்.

கோரிப்பாளையம் | ஞாயிறு, இரவு 9:09

மாறிவிட்டது.